நாச்சிமுத்துவுக்கு நான் பாத்த வண்டி

அந்தக் கார் வீடியோவக் கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கேன், கண்ணுல பட்டுது, காதுலயும் விழுந்துது. அந்தப் பையன் சொல்றானே, ஒரு குடும்பத்துக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்னு, அவன் அந்த வண்டியோட பின்சீட்ல ஒரு தடவையாச்சும் உக்காந்து பாத்திருப்பானா? கேமராவப் பாத்துச் சிரிக்கறதுக்கே அவனுக்கு நேரம் பத்தல.

வாங்கப் போறீங்களா? நெனச்சேன். முடிவே பண்ணியாச்சா, இல்ல ரோசனைல இருக்கறீங்களா? ரோசனைதானா. அப்பச் சரி. பஸ்ஸு கோயமுத்தூர் போய்ச் சேரறதுக்குள்ள சொல்லிடறேன், கேட்டுக்குங்க.

நான் இந்த வண்டிய ஓட்டிப் பாத்திருக்கேனுங்க. இது மட்டுமில்ல, இந்தச் சைசுல சின்ன எஸ்.யூ.வி.னு சொல்லி எத்தன கம்பெனி விடறானோ அத்தனையும் ஓட்டிப் பாத்திருக்கேன். ஈரோடு, கோபி, கோயமுத்தூர்னு நான் ஏறி இறங்காத ஷோரூம் இல்ல. நான் உள்ள நுழைஞ்சாலே அங்கிருக்கற பொண்ணுங்க மேனேஜரக் கூப்பிடப் போயிடுவாங்க. அளக்கற டேப்பு கையோட இருக்கும். நமக்குச் சத்தியமங்கலத்துல பைப்பு, மோட்டார் கடை. அளந்து பாக்காம எதையும் நம்பற பழக்கமில்லீங்க.

நல்லத மொதல்ல சொல்றேன். அடிவயிறு நல்ல உசரம். நம்மூர்ல வேகத்தடைனு மண்ணக் கொட்டிக் குன்னு மாதிரி வெச்சிருக்கானே, அதுல ஏறி இறங்குனாலும் தட்டாது. ஏசி போட்டா சித்திரை வெயில்லயும் பின்னால இருக்கறவன் போர்வை கேப்பான். பிரேக்கு சுத்தம். டிக்கில ரெண்டு அரிசி மூட்டைய வெச்சுட்டு அதுக்கு மேல பொட்டியும் வெக்கலாம். மேல உக்காந்து ஓட்டற மாதிரி இருக்கறதுனால ஓட்டறவனுக்கு ஒரு மிதப்பு வரும். அந்த மிதப்புக்குத்தான் பாதிப்பேர் வாங்கறாங்க.

இப்பக் கெட்டது. பின்சீட்ல மூணு பேர்னு சொல்வான், நம்பாதீங்க. நடுவுல உக்கார்றவன் கால ரெண்டு பக்கமும் விரிச்சுட்டு, கழுதை மேல உக்காந்த மாதிரி வரணும். டவுனுக்குள்ள நெரிசல்ல எண்ணெய் குடிக்கும். அப்புறம் முன்கண்ணாடிக்கு ரெண்டு ஓரத்துலயும் ஒரு தூண் இருக்குது பாருங்க, இந்த வண்டில அது ரொம்பத் தடி. வளைவுல ஒடிச்சுத் திருப்பும்போது ரோட்டோரமா நடந்து வர்ற ஆளே மறைஞ்சு போயிடுவான்.

இதெல்லாம் எனக்காகவா பாத்தேன்? இல்லீங்க. நாச்சிமுத்துவுக்காகப் பாத்தேன். என்ற சிநேகிதன். சிநேகிதன்னு சொல்றதுக்கே இப்ப நாக்குக் கூசுது.

நம்மகிட்டக் காரு இல்லீங்க. ஏன் சிரிக்கறீங்க? ஆஸ்பத்திரி கட்டறவன் டாக்டராத்தான் இருக்கணுமா என்ன. வாங்கலாம்னு போன ஒவ்வொரு தடவையும் ஏதாச்சும் ஒண்ணு குறையும். ஒண்ணுல சஸ்பென்சன் கல்லு. ஒண்ணுல சீட்டு சரியில்ல. இன்னொண்ணு எல்லாம் சரியா இருந்துது, அடுத்த வருசம் புதுசு வருதுன்னாங்க, பொறுத்தேன். அது வந்தப்போ அதுல பழசுல இருந்த நல்லதையெல்லாம் எடுத்துட்டான். எங்கூட்டுக்காரி சாந்தாமணி கொஞ்ச நாள் கேட்டா. அப்புறம் கேக்கறத விட்டுட்டா. நான் சொல்றதுல இருக்கற நாயம் புரிஞ்சிருச்சு அவளுக்கு.

ஆனா ஊர்ல கார் வாங்கற அத்தன பேரும் எங்கிட்டத்தான் வருவாங்க. அரிசி மண்டிக்காரர், பல் டாக்டர், எங்க தெருவுல கல்யாண மண்டபம் வெச்சிருக்கறவர், எல்லாரும் நான் பாத்துச் சொன்ன வண்டிதான் ஓட்டறாங்க. அதனால நாச்சி ஒரு நாள் கடைக்கு வந்து, "சென்னி, ஒரு கார் வாங்கணும்டா, நீதான் பாத்துக் குடுக்கணும்"னு சொன்னப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? யாரு யாருக்கோ பாத்துக் குடுத்தோமே, நம்ம நாச்சிக்குப் பாக்கக் குடுத்து வெச்சிருக்குதேன்னு அன்னைக்குக் கடைய முன்னாலயே சாத்திட்டுக் கோபி கெளம்பிட்டேன்.

நாச்சிமுத்து யாருன்னு சொல்லலையே. அவன் பி.டி. வாத்தியாருங்க. அரசு பள்ளிக்கூடத்துல. நானும் அவனும் ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணா வாலிபால் ஆடுனோம். நான் பந்தத் தூக்கிக் குடுப்பேன், அவன் எகிறி அடிப்பான். எதிர்ல நிக்கறவன் கையத் தூக்கறதுக்குள்ள பந்து விழுந்திருக்கும். அப்படி ஆளு. அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்போ கூடப் போனது நான். எனக்குக் கடை வெக்க எடம் பாத்துக் குடுத்தது அவன். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் மறைச்சது எதுவுமே கெடையாது. அப்படித்தான் நான் நெனச்சிட்டிருந்தேன்.

போன வருசம் திடீர்னு வேலைய விட்டுட்டான். இன்னும் சர்வீஸ் இருக்குது, விருப்ப ஓய்வுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டான். ஏன்டான்னு கேட்டேன். "போதும்டா"ன்னான். சோம்பேறி ஆயிட்டான்னு நெனச்சேன். அதுக்கு முன்னாலயே ஆளு ஒரு மாதிரியாத்தான் இருந்தான். வாலிபால் கோர்ட்ல நட்டு வெச்சிருக்கற கம்பத்துல போய் மோதி நெத்தில தையல் போட்டுட்டு வந்தான். பி.டி. வாத்தியாரு கம்பத்துல மோதுனான்னு நான் டீக்கடைல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவனும் கூடச் சேந்து சிரிச்சான்.

தை மாசம் ஆரம்பிச்சோமுங்க. நான், நாச்சி, அவன் பொண்டாட்டி தெய்வானை. அந்த அம்மிணி எதுக்கு வருதுன்னு எனக்கு மொதல்லயே தோணுச்சு. வண்டி பாக்கற எடத்துல பொம்பளைங்களுக்கு என்ன வேல, கலரு பாக்கத்தான் வருவாங்கன்னு விட்டுட்டேன்.

எந்த ஷோரூம் போனாலும் நாச்சி ஒண்ணேதான் சொல்வான்: "நீயே ஓட்டு சென்னி." ஒரு தடவ கூட அவன் ஸ்டீரிங்கத் தொடல. எம்மேல அவ்வளவு நம்பிக்கைன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே பெருமை. நான் ஓட்டுவேன், அவன் பக்கத்துல உக்காந்திருப்பான், பின்னால தெய்வானை. ஓட்டிட்டே நான் சொல்லிட்டு வருவேன், இந்த கியர் இப்படி, இந்த டர்னிங் இப்படின்னு. அவன் கேட்ட கேள்வின்னா ஒண்ணே ஒண்ணுதான். எந்த வண்டில ஏறுனாலும் அதையேதான் கேப்பான்.

"ஓரத்துல வர்றது நல்லாத் தெரியுமாடா?"

நானும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தூணப் பத்தி வெளக்குவேன். எத்தன அங்குலம், எந்த வண்டில மெலிசு, எதுல தடின்னு. அவன் "ம்"னு கேட்டுக்குவான்.

கோயமுத்தூர்ல ஒரு ஷோரூம்ல இந்த அம்மிணி என்ன பண்ணுச்சு தெரியுங்களா? நான் அடில குனிஞ்சு சைலன்சரப் பாத்துட்டிருக்கேன். நிமிந்து பாத்தா, தெய்வானை டிரைவர் சீட்ல உக்காந்திருக்குது. அங்கிருந்த பொண்ணுகிட்டக் கேட்டுட்டிருக்குது: "ஏனுங்க, இந்த சீட்ட இன்னும் கொஞ்சம் மேல தூக்க முடியுங்களா? கிளட்ச்சு இல்லாம வருதாமே, அது இதுல இருக்குதுங்களா?"

நான் போய், "அம்மிணி, அது டிரைவர் சீட்டு. உனக்கெதுக்கு அது? பின்னால போய் கால் வெக்க எடம் பத்துதான்னு பாரு"ன்னேன். அந்தப் புள்ள நாச்சியப் பாத்துச்சு. நாச்சி கீழ பாத்தான். எறங்கிப் பின்னால போயிருச்சு. நல்ல பொண்ணு, சொன்னாக் கேட்டுக்கும்.

ஆட்டோமேட்டிக்கெல்லாம் சோம்பேறிங்களுக்குங்க. கையும் காலும் நல்லா இருக்கறவன் எதுக்கு அத வாங்கோணும்? நான் அன்னைக்கே அதத் தள்ளிட்டேன்.

இந்த வண்டிய, நீங்க வீடியோல பாத்தீங்களே, இதையேதான், ஷோரூம்காரங்களக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் முழுசுக்கும் வாங்குனேன். திம்பம் மலை ஏத்திப் பாக்கறதுக்கு. மலை ஏறாத வண்டிய நம்பக் கூடாதுங்க. நாச்சி, "நமக்கு மலைக்கெல்லாம் எதுக்குடா, கோயமுத்தூர் போயிட்டு வந்தாப் போதும். அங்கதான் அடிக்கடி போக வேண்டியிருக்கும்"னான். நான் விடல. ஏத்துனேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுலயும் ஒரு வேகத்துல திருப்பிப் பாத்தேன். லாரிக்காரன் எதுக்க வந்தான், ஒதுக்கிக் காட்டுனேன். வண்டி அருமை. நாச்சி மேல இருக்கற கைப்பிடியப் புடிச்சவன் விடவே இல்ல. வேர்த்து ஊத்துது. எகிறி அடிச்சவன் இப்படிப் பயப்படறானேன்னு எனக்கு ஆச்சரியம்.

திரும்பி எறங்கிப் பண்ணாரிக் கோயில் முன்னால நிறுத்துனோம். தெய்வானை கும்பிட உள்ள போயிருச்சு. நாங்க ரெண்டு பேரும் வண்டில சாஞ்சு நிக்கறோம். நாச்சி, "சென்னி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா"ன்னான்.

"இரு, மொதல்ல அந்த பிரேக்கு சமாச்சாரத்தச் சொல்லிடறேன், மறந்துருவேன்"னு நான் சொன்னேன். எறக்கத்துல பிரேக்கு சூடாகாம எப்படிப் புடிக்குதுன்னு வெளக்குனேன். அது வெளக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுமுங்க. அதுக்குள்ள தெய்வானை வந்திருச்சு. என்னமோ சொல்லணும்னியேன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லடா, பசிக்குது"ன்னான். சாப்பிடப் போனோம்.

எல்லாம் பாத்து முடிச்சு நான் சொன்னது என்ன? பொறுங்கடான்னேன். தீபாவளிய ஒட்டி இதே வண்டில புதுசு வருது, தூண மெலிசாக்கறானாம், பின்சீட்ட அகலமாக்கறானாம். அவசரப்பட்டு இப்பக் கையெழுத்துப் போட்டுறாதீங்கன்னேன். எவ்வளவு அக்கறையாச் சொன்னேன் பாருங்க. தெய்வானை, "அவ்வளவு நாள் ஆகுமுங்களாண்ணா?"ன்னுச்சு. "அவசரம் என்ன அம்மிணி, ஓடியா போயிடப் போகுது"ன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. சம்மதம்னு எடுத்துக்கிட்டேன்.

ஆடி மாசம், பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாளுங்க. கடைக்கு லோடு வருதுன்னு பவானி ஆத்துப் பாலத்துக்கிட்ட நின்னுட்டிருக்கேன். ஒரு சின்னக் காரு வருது. எஸ்.யூ.வி. இல்லீங்க. தாழ்வா, சப்பையா, குழந்தைங்க ஓட்டற பொம்மை மாதிரி ஒரு வண்டி. கத்திரிக்காய் கலரு. நம்பர் பிளேட்டுல பூமாலை இன்னும் காயல. ஓட்டறது யாருன்னு பாத்தா, தெய்வானை! ரெண்டு கையாலயும் ஸ்டீரிங்க இறுக்கிப் புடிச்சுட்டு, ஒதட்டக் கடிச்சுட்டு வருது. பக்கத்துல நாச்சி.

கையத் தூக்கி, "டேய் நாச்சி!"ன்னேன். அவன் இருக்கற பக்கந்தான் நான் நிக்கறேன். கைய நீட்டுனாத் தொடற தூரம். கண்ணாடிய ஏத்திட்டு, நேரா ரோட்டப் பாத்துட்டுப் போறான். திரும்பல. ஒரு தலையாட்டல் இல்ல. எனக்குக் கூப்பிட்ட கை அப்படியே நின்னுருச்சு. லோடு எறக்க வந்தவங்க என்னையே பாக்கறாங்க.

ஏன் தம்பி, காரு வாங்கறது வாங்காதது அவன் இஷ்டம். எனக்குப் புடிக்காத வண்டி வாங்குனான், அதையும் விடுங்க. மூஞ்சியத் திருப்பிட்டுப் போனான் பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அத்தன நாள் நாயா அலைஞ்சவன் நானு.

வீட்டுக்குப் போய்ச் சாந்தாமணிகிட்டச் சொன்னேன். கத்துனேன்னு வெச்சுக்குங்களேன். அவ அடுப்புல தோசையத் திருப்பிப் போட்டுட்டு, "நேத்துத்தான் எடுத்தாங்க"ன்னா. எடுத்த வண்டிக்கு இவதான் பூ வெச்சுட்டு வந்திருக்கா! மூணு மாசமா எங்கூட்டுக்காரி காலைல வாக்கிங் போறேன்னு சொல்லிட்டுப் போனா. நானும் நல்லதுதானேன்னு ஷூ வாங்கிக் குடுத்தேன். போனது வாக்கிங்கு இல்லீங்க. டிரைவிங் ஸ்கூலு! தெய்வானை ஓட்டக் கத்துக்க, இவ தொணைக்குப் பின்னால உக்காந்து போயிருக்கா. அது மட்டுமா, இவளும் லைசென்சு எடுக்க எல்.எல்.ஆர். போட்டு வெச்சிருக்கா. என்ற வீட்டுலயே, நான் வாங்கிக் குடுத்த ஷூவப் போட்டுட்டு.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீங்க அந்த ஸ்கூல் வண்டியோட டயரப் பாக்க வந்திருப்பீங்க"ன்னா.

இப்படிப் பேசற பொம்பளை இல்லீங்க அவ. சேர்க்கை சரியில்ல.

அடுத்த நாள் சாயங்காலம் நாச்சி வீட்டுக்குப் போனேன். வாசல்ல அந்த வண்டி நிக்குது. உள்ள போறதுக்கு முன்னால ஒரு சுத்துச் சுத்திப் பாத்தேன். பாக்காம எப்படி? அடிவயிறு தரையத் தொட்டுட்டு நிக்குது. டிக்கில ஒரு மூட்டைக்கு மேல போகாது. ஆட்டோமேட்டிக்கு. நான் எதெதெல்லாம் வேண்டாம்னு சொன்னேனோ அத்தனையையும் ஒண்ணாச் சேத்து ஒரு வண்டி பண்ணுன மாதிரி இருந்துது. என்னைக் கேலி பண்றதுக்குன்னே வாங்குன மாதிரி.

நாச்சி கூடத்துல உக்காந்திருந்தான். நான் உள்ள நுழைஞ்சு ஓரமா நின்னேன். அவன் நிமிரல. "யாரு?"ன்னான்.

"யாரா? நல்லா இருக்குதுடா. நேத்து ரோட்டுல கண்ணுக்குத் தெரியல, இன்னைக்கு வீட்டுக்குள்ளயே தெரியலையா?"ன்னேன்.

எந்திரிச்சான். "சென்னியா? வாடா. நேத்து எங்க இருந்த?"

"நடிக்காத."

அப்புறம் நான் என்னென்ன பேசுனேன்னு எனக்கே முழுசா ஞாபகமில்ல. துரோகின்னு சொன்னேன். முதுகுல குத்திட்டியேடான்னு சொன்னேன். இனி இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். நாச்சி நின்ன எடத்துலயே நின்னான். தெய்வானை சமையக்கட்டுல இருந்து கையத் தொடச்சுட்டு வந்துச்சு. அந்தப் புள்ள இத்தன வருசத்துல என்னை நிமிந்து பாத்துப் பேசுனது கெடையாதுங்க.

"அண்ணா, போதும் நிறுத்துங்க. அவருக்குக் கண்ணு தெரியல"ன்னுச்சு.

நான் என்னன்னு கேட்டுட்டு நிக்கறேன்.

"கண்ணுல அழுத்தம் ஏறி நரம்பு போயிட்டிருக்குது. நேரா இருக்கறது தெரியும். ஓரம் ரெண்டு பக்கமும் இருட்டு. ஒரு குழாய் வழியாப் பாக்கற மாதிரி இருக்குதுன்னு சொல்றாரு. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க பந்து வீசுனா எங்கிருந்து வருதுன்னு தெரியாமத்தான் வேலைய விட்டாரு. போனது திரும்பாதுன்னு சொல்லிட்டாங்க, இருக்கறதக் காப்பாத்தணும்னா மாசாமாசம் கோயமுத்தூர் போகணும். பஸ்ல ஏறி எறங்கும்போது ரெண்டு தடவ விழுந்துட்டாரு. அதுக்குத்தான் காரு. ஓட்டப் போறது நானு. அந்த உசரமான வண்டில உக்காந்தா எனக்கு முன்னால எதுவுமே தெரியலண்ணா, பயமா இருந்துச்சு. இதுல உக்காந்தாத் தைரியமா இருந்துச்சு. எடுத்துட்டோம்."

கேட்டீங்களா தம்பி? இத எங்கிட்ட மறைச்சிருக்காங்க. என்னைக்கு ஆரம்பிச்சதோ, எத்தன மாசமோ. தெய்வானைக்குத் தெரியும், என்ற பொண்டாட்டிக்குத் தெரியும், டிரைவிங் ஸ்கூல்காரனுக்குக் கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. நானு யாருங்க அப்ப? கண்ணு போகுதுன்னு சிநேகிதங்கிட்டச் சொல்லாதவன் வேற யார்கிட்டச் சொல்வான்?

அதத்தான் கேட்டேன். "ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" தெய்வானைதான் சொல்லுச்சு.

"சொல்ல வந்தாரு. பண்ணாரில வெச்சுச் சொல்லிடறேன்னு காலைல சாமி கும்பிட்டுக் கெளம்புனாரு. உங்களத் தனியா விடணும்னுதான் நான் கோயிலுக்குள்ள போனேன். வந்து பாத்தா நீங்க பிரேக்கப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

அது ஒரு காரணமாங்க? நீங்களே சொல்லுங்க. குறுக்க பேசி நிறுத்தியிருக்க வேண்டாமா? டேய், பிரேக்கு கெடக்கட்டும்டா, எனக்குக் கண்ணு போகுதுன்னு ஒரு வார்த்த. நான் கேக்க மாட்டேன்னா சொல்லப் போறேன்? முக்கியமான விசயத்த முக்கியமான விசயம்னு சொன்னாத்தானே தெரியும்.

அப்ப நாச்சி வாயத் தெறந்தான். "நீ அவ்வளவு சந்தோசமா ஓட்டிட்டிருந்தடா"ன்னான். அவ்வளவுதான்.

நான் காப்பி குடிக்காம வந்துட்டேன்.

ஆடில இருந்து கார்த்திகை வரைக்கும் பேசலீங்க. அவன் போன் பண்ணுனான், எடுக்கல. தெய்வானை தீபாவளிக்குப் பலகாரம் குடுத்து விட்டுச்சு. சாந்தாமணி தின்னா. நான் தொடல. முறுக்கு மட்டும் ஒண்ணு தின்னேன், அது யார் வீட்டுதுன்னு தெரியாம. கடைல உக்காந்திருப்பேன், அந்தக் கத்திரிக்காய் வண்டி போகும். மொதல்ல ஆமை மாதிரி போச்சு. அப்புறம் கொஞ்சம் தைரியம் வந்துது. பஸ்ஸு ஹாரன் அடிச்சா ஒதுங்கறது, திருப்பத்துல கைகாட்டி லைட்டுப் போடறதுன்னு எல்லாம் சுத்தமாத்தான் பண்ணுச்சு. ஓட்டறதுல நான் குறை சொல்ல மாட்டேன். டயர்ல காத்து மட்டும் கொறைச்சலா இருந்துது, ஒரு வாரமா. கோயமுத்தூர் ரோட்டுல அப்படிப் போனா என்னாகறது? பெட்ரோல் பங்குக்காரங்கிட்டச் சொல்லி வெச்சேன், அந்த வண்டி வந்தாக் கேக்காமயே காத்து அடிச்சு உடு, நான் சொன்னேன்னு சொல்லாதன்னு. அதுக்கும் சமாதானத்துக்கும் சம்பந்தமில்லீங்க. வண்டின்னா வண்டி. அது என்ன பாவம் பண்ணுச்சு.

நான் இப்ப எங்க போறேன்னு கேக்கறீங்களா? கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குத்தான். அவனுக்கு இன்னைக்கு ஒரு கண்ணுல ஆபரேசன். அந்த அழுத்தத்தக் கொறைக்கறதுக்கு. தெய்வானை நேத்து வீட்டுக்கே வந்துச்சு. "அண்ணா, காலைல கெளம்பறோம். நீங்களும் அண்ணியும் கூட வாங்க. வண்டில எடம் இருக்குது"ன்னுச்சு. அந்த வண்டில நான் ஏற மாட்டேன்னு சொல்லிட்டேன். மனுசனுக்கு ஒரு ரோசம் வேணுமில்ல? சாந்தாமணி ஏறிட்டா. டாட்டா காட்டிட்டுப் போறா. அவங்க கெளம்பி ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் நான் இந்த பஸ்ஸப் புடிச்சேன். நான் ஒண்ணும் அவனப் பாக்கப் போகலீங்க. ஆஸ்பத்திரில ரெண்டு பொம்பளைங்க தனியா இருப்பாங்க. மருந்து வாங்கணும்னா ஓடறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல, அதுக்குத்தான்.

அன்னூர் தாண்டியாச்சா? பேசிட்டே வந்ததுல தெரியல. சரி, உங்க வண்டிக்கு வர்றேன். இந்தக் கம்பெனிக்காரன் இப்பப் புதுசு விட்டிருக்கான் பாருங்க, தூணு கொஞ்சம் மெலிசாத்தான்...

ஒரு நிமிசம். போன் அடிக்குது. சாந்தாமணி.

ம், சொல்லு. பஸ்லதான். அன்னூர் தாண்டிட்டேன். என்னது? சத்தமாப் பேசு. பதினோரு மணின்னுதானே சொன்னாங்க? இப்பவே எப்படிக் கூப்பிடுவாங்க? சரி, கூப்பிட்டாப் போக வேண்டியதுதானே, எதுக்கு எனக்குப் போன் பண்ற? ஏன்? ஏன் போக மாட்டேங்கறான்?

தம்பி, அவனுக்கு முன்னால இருந்த ஆளுக்குச் சக்கரை ஏறிப் போச்சாம், திருப்பி அனுப்பிட்டாங்களாம். இவன உள்ள கூப்பிடறாங்க. பச்சைத் துணியப் போட்டுட்டு, சக்கர நாற்காலில உக்காந்துட்டு, போக மாட்டேன்னு அடம் புடிக்கறானாம்.

என்ன வேணுமாம் அவனுக்கு? கேளு. கேட்டுச் சொல்லு.

என்னது?

என்ற மூஞ்சியவா? எதுக்கு?

இல்ல. கேக்குது, கேக்குது. லைன்லதான் இருக்கேன்.

தம்பி, அவன்... ஆபரேசன்ல என்ன வேணாலும் ஆகலாமாம். அதுக்கு முன்னால என்னை ஒரு தடவ பாத்துட்டு உள்ள போறேங்கறானாம்.

கொஞ்சம் இந்தப் பையப் புடிங்க.

சாந்தா, அவங்கிட்டக் குடு. குடுன்னா குடு.

டேய் நாச்சி. நான்தான்.

ஆமா, கோவந்தான். கோவம் அப்படியே இருக்குது, அது எங்கயும் போகல. நீ பண்ணுனதுக்கு நான் சாகற வரைக்கும் கேப்பேன். அதெல்லாம் அப்புறம். இப்ப டாக்டரக் காக்க வெக்காத, உள்ள போ.

பேசாத, நான் சொல்றதக் கேளு... இல்ல. இல்லடா. நீ சொல்லு. சொல்லு, நான் கேக்கறேன்.

ம்.

ம்.

சரி.

வந்துருவேன்டா. நீ வெளிய வரும்போது நான் அங்க நிப்பேன். எங்கயா? ஓரமா நிக்க மாட்டேன். கதவுக்கு நடுவுல, உனக்கு நேரா நிப்பேன். போதுமா? போ.